வளைந்து கூடிய கால், நிமிர்ந்து கூடிய கால்

காலி வீதியில் நாய் அடிபடுவது எந்தக் காலத்துக்கும் புதிதல்ல. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை, கடலுக்கும் வீதிக்கும் நடுவே வாழ்ந்த எல்லாத் தலைமுறையினரும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். முதலில் வண்டி கிறீச்சிடும், பிறகு நாயின் நீண்ட ஓலம் எழும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓலம் அடங்கியதும் பெரும்பாலும் விடயம் முடிந்துவிடும். நாய் எங்காவது வேலியோரம் போய்ப் படுத்துக்கொள்ளும், பிழைத்தால் பிழைக்கும். இன்று அதற்குப் பிறகுதான் அலுவல் தொடங்குகிறது. முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடிக்க வேண்டும், எக்ஸ்றே எடுக்க வேண்டும், மயக்க மருந்து கொடுக்க வேண்டும், துருப்பிடிக்காத உருக்குத் தகடு ஒன்றும் ஆறோ எட்டோ திருகாணிகளும் தேட வேண்டும்.

1970களின் வெள்ளவத்தை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த கால ஊர். வீதியில் ஓடியவை இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்கள், பழைய மொறிஸ் மைனர்கள், சைக்கிள்கள். ஒழுங்கைக்குள் வீடுகளுக்கு முற்றம் இருந்தது. படலை பகலில் திறந்தே கிடந்தது. நாய் வீட்டுக்கும் ஒழுங்கைக்கும் பொதுவாக வாழ்ந்தது. ஒரு வீட்டில் சோறு, அடுத்த வீட்டில் மீன் முள், மூன்றாவது வீட்டு விறாந்தையில் தூக்கம். ஜிம்மி, டைகர், பிறவுணி என்று வீட்டுக்கொரு பெயரும் அதற்கு இருக்கும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் வாகனங்கள் வந்து குவிந்தன. இன்று நாட்டில் பதிவான முச்சக்கர வண்டிகள் மட்டும் 11 இலட்சத்துக்கு மேல். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களில் துறைமுக லொறிகளுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் நடுவில் மனிதரே ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கிறது.

வீதியைக் குறுக்கே கடக்கும் நாயை வண்டி பக்கவாட்டில்தான் மோதும். அதனால் முறிவது பெரும்பாலும் பின்னங்கால்: தொடையெலும்பு, அதற்கடுத்து கணைக்கால் எலும்பு, பல வேளை இடுப்பெலும்பும். நாயின் நீள எலும்பு முறிவுகளில் தொடையெலும்பு முறிவுதான் உலகெங்கும் முதலிடத்தில் நிற்கிறது. கரையோர ரயில் பாதை இன்னொரு வகை. அங்கே கால் முறிவதோடு நில்லாது. நசுங்கும், சதை கிழியும், மண் புகும். ரயிலில் அகப்பட்ட காலைக் காப்பாற்றுவது அன்றும் அரிது, இன்றும் அரிது.

ஆனால் முறிவின் இடமே மாறியிருக்கும் வீடுகளும் உண்டு. 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையின் தமிழ் வீடுகள் பல எரிந்தன. மனிதர்கள் அகதி முகாமுக்கும் அங்கிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கும் போனார்கள். நாய்களைக் கூட்டிப்போக வழியிருக்கவில்லை. பின்னர் போரினால் இடம்பெயர்ந்தவர்கள் வடக்கிலிருந்து வந்து குடியேற, வெளிநாட்டுப் பணமும் சேர, முற்றம் இருந்த வீடுகள் இடிபட்டு அந்தக் காணிகளில் ஆறு மாடி, எட்டு மாடித் தொடர்மாடிகள் எழுந்தன. தொடர்மாடிக்கு ஏற்ற நாய் சின்ன நாய். பொமரேனியன், டோய் பூடில், ஷிட்சு. அவை வீதியைக் கடப்பதே இல்லை. செற்றியிலிருந்து வழுவழுப்பான தரையோட்டில் பாய்கின்றன. பிள்ளையின் கையிலிருந்து நழுவி விழுகின்றன. நாய் தன் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில் தாங்குகிறது. பாய்ந்து இறங்கும்போது முழுவதும் அங்கேதான் விழும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரையெலும்பும் அரந்தியும் சேர்ந்து முறிகின்றன. பெரிய நாய்க்கு மூன்றடி உயரம் ஒன்றுமே இல்லை. இரண்டு கிலோ நாயின் அந்த எலும்போ பென்சில் அளவு தடிப்பும் இல்லாதது.

பார்வைக்கு இது சின்ன முறிவு. ஆனால் சின்ன இன நாய்களில் எலும்பின் அந்தப் பகுதிக்குச் செல்லும் இரத்த நாளங்கள் குறைவு, சுற்றியுள்ள சதையும் குறைவு. வெறும் பிளாஸ்டர் கட்டி விட்டால் கூடாமல் போகும் ஆபத்து மிக அதிகம். வண்டியில் அடிபட்ட தெருநாயின் கணைக்கால் எலும்பு பிளாஸ்டரில் கூடிவிடக் கூடும்; செற்றியிலிருந்து விழுந்த செல்ல நாய்க்குத்தான் தகடு கட்டாயம் தேவை. வசதியான வீட்டு நாய்க்கு அதிகம் செலவழிக்கிறார்கள் என்று குறைப்படுபவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்றைய சிகிச்சைகள் சில நம் வீடுகளிலேயே நடந்தன. மூங்கில் சிலாகை இரண்டு, கிழிந்த வேட்டித் துணி, உளுத்தம்மாவை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பூசிய பற்று. மனிதருக்கு முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரிடமோ சிங்கள வெத மாத்தயாவிடமோ எண்ணெய் வாங்கி நாய்க்கும் பூசியவர்கள் இருந்தார்கள். எலும்பைத் தடவிப் பார்த்தே முறிவின் திசையைச் சொல்லும் அந்த விரல்களின் அறிவு சின்ன விடயமல்ல. ஆனால் மனிதரிடம், காலை அசைக்காதே என்று சொல்லி வைக்கலாம். நாயிடம் என்ன சொல்வது? அடுத்த நாள் காலையில் பற்றும் துணியும் கடித்துக் குதறிக் கிடக்கும்.

மிருக வைத்தியர் கிடைத்தால் பிளாஸ்டர் ஒஃப் பரிஸ். 1852இல் டச்சு இராணுவ வைத்தியர் அன்டோனியஸ் மத்தைசன் காயப்பட்ட சிப்பாய்களுக்காக உருவாக்கிய சுண்ணக் கட்டு அது. அதோடு அலுமினியக் கம்பியை வளைத்துச் செய்த தாங்கியும் இருந்தது. லிவர்பூலில் ஹியூ ஓவன் தோமஸ் மனிதருக்குச் செய்ததை 1930களில் அமெரிக்க மிருக வைத்தியர் ஷ்ரோடர் நாய்க்கு ஏற்றபடி மாற்றியிருந்தார். எலும்பு அசையக்கூடாது என்றால் முறிவுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு மூட்டுகளையும் கட்டுக்குள் அடக்க வேண்டும். கணைக்காலில் அது முடியும். தொடையில் முடியாது, ஏனென்றால் மேல் மூட்டு இடுப்புக்குள் இருக்கிறது. தொடை முறிந்த நாய்க்குப் பிளாஸ்டர் போட்டால் கட்டின் மேல் விளிம்பு சரியாக முறிவிலேயே வந்து நிற்கும். கட்டின் பாரம் முறிந்த எலும்பை இன்னும் ஆட்டும். நன்மை செய்யப் போய்த் தீமை செய்த கட்டுகள் எத்தனையோ.

குட்டி நாய்களின் நிலை இன்னும் துயரமானது. முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்த குட்டியின் காலை நீட்டி வைத்துக் கட்டினால், இரண்டு மூன்று வாரங்களில் தொடையின் முன்பக்கத் தசை எலும்போடு ஒட்டி இறுகிவிடும். கட்டை அவிழ்க்கும்போது எலும்பு கூடியிருக்கும், முழங்கால் மடங்காது. அந்தக் கால் பிறகு ஒருபோதும் மடங்குவதில்லை. ஒழுங்கைகளில் ஒரு பின்னங்காலைப் பின்னால் நீட்டி இழுத்தபடி போன இளம் நாய்கள் அன்று அடிக்கடி கண்ணில் பட்டன. அவற்றில் சில, யாரோ ஒருவர் அக்கறையோடு கட்டுப் போட்டுவிட்ட நாய்களாகவும் இருந்திருக்கும்.

இதற்குக் கொழும்பின் மழையையும் சேர்க்க வேண்டும். மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவக்காற்றில் பிளாஸ்டர் ஊறும். உள்ளே தோல் புண்ணாகும், ஈ மொய்க்கும், புழு வைக்கும். நாற்றம் வந்த பிறகே வீட்டார் அறிவார்கள். ஆறு வாரம் தாங்க வேண்டிய கட்டு பத்து நாளில் போய்விடும். எஞ்சிய வேலையை நாயின் உடம்பே செய்தது. முறிந்த இரண்டு முனைகளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, சுற்றிலும் பெரிய முண்டாகப் புது எலும்பு வளர்ந்து, கால் ஓர் அங்குலம் குறுகி, வளைந்து கூடும். நாய் மற்ற மூட்டுகளை நிமிர்த்திக் குறையை ஈடுகட்டிக்கொள்ளும். ஓடக்கூட ஓடும். அன்றைய அளவுகோலில் அது சுகம்தான்.

எக்ஸ்றே கதிரை றொன்ட்கன் 1895இல் கண்டறிந்தார். ஆனாலும் நாயின் முறிந்த காலைப் பார்க்க அது நம் நாட்டில் எளிதில் கைக்கு எட்டவில்லை. பெரும்பாலான மிருக வைத்தியர்கள் கையால் தடவி, எலும்பு முனைகள் ஒன்றோடொன்று உரசும் நறநறப்பை விரலில் உணர்ந்து முடிவெடுத்தார்கள். இன்று கொழும்பின் தனியார் மிருக ஆஸ்பத்திரிகளில் படம் சில விநாடிகளில் திரையில் வருகிறது. தெளிவில்லை என்றால் தொலைபேசி வழியே இன்னொரு வைத்தியரிடம் உடனே போகிறது. இரண்டு துண்டா, ஐந்து துண்டா, மூட்டுக்குள் வெடிப்புப் போயிருக்கிறதா என்பதெல்லாம் கத்தி வைக்குமுன் தெரிந்துவிடுகிறது. திருகாணியின் நீளத்தையே படத்தில் அளந்துவிடலாம்.

உருக்கு எலும்புக்குள் எப்படி வந்தது என்ற வரலாற்றில் நாய்க்கு ஒரு பெரிய பங்கு உண்டு. நம்மில் பலர் அதை அறியார். மனிதரின் தொடையெலும்புக்குள் நீண்ட கம்பியைச் செலுத்தி முறிவைச் சேர்க்கும் முறையை ஜேர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ச்சர் 1939இல் தொடங்கினார். அதற்கு முன் அவர் அதை நாய்களில் சோதித்துப் பார்த்தார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒட்டோ ஸ்டேடர் என்ற மிருக வைத்தியரோ 1930களில் நாய்களைக் குணப்படுத்தவே ஒரு சாதனம் செய்தார். தோலுக்கு வெளியே ஒரு சட்டம். அதிலிருந்து எலும்புக்குள் போகும் ஊசிகள். கட்டும் இல்லை, பிளாஸ்டரும் இல்லை. நாய் மறுநாளே காலை ஊன்றியது. அதைக் கண்ட நியூயோர்க் பெல்வியூ ஆஸ்பத்திரி வைத்தியர்கள் மனிதருக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை வீரர்களின் கால்களைத் தாங்கியது அந்தச் சட்டம். தகட்டுக்கடியில் எலும்பு எவ்வாறு கூடுகிறது என்று நாம் அறிந்ததில் பெரும் பகுதி நாயின் எலும்பிலும் செம்மறியாட்டின் எலும்பிலும் படித்ததுதான். அந்த அறிவு மனிதருக்கு முழுமையாகப் பயன்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்பே கொழும்பில் ஒரு நாயின் காலுக்கு வந்து சேர்ந்தது. தெற்காசியா முழுவதிலும் இன்றும் நாய்களுக்குப் போடும் தகடுகளில் பல, மனிதரின் விரலுக்கும் முன்கைக்கும் என்று செய்தவை.

முதலில் வந்தது கம்பி. விலை குறைவு, சாதனம் குறைவு. தொடையின் வெளிப்பக்கம் கீறி, இரண்டு தசைகளுக்கு இடையே விலக்கி, முறிந்த முனையைக் கண்டுபிடித்து, கையால் திருகும் பிடியில் கம்பியை மாட்டி எலும்பின் உட்குழிக்குள் மேல்நோக்கிச் செலுத்துவார்கள். அது இடுப்புப் பக்கம் வெளிவரும். பிறகு முறிவைப் பொருத்தி, அதே கம்பியைக் கீழ்நோக்கி இறக்குவார்கள். குழியின் அகலத்தில் 60 முதல் 70 சதவீதத்தை நிரப்பும் தடிப்பு வேண்டும். மெல்லியதானால் வளையும், அளவு மீறித் தடித்தால் எலும்பு பிளக்கும். மின் துரப்பணம் இல்லாத நாட்களில் இதைச் செய்த வைத்தியரின் மணிக்கட்டுக்கு அது நல்ல உழைப்பு. கம்பியின் குறையும் வெளிப்படையானது. மூங்கில் துண்டுகள் இரண்டை ஒரே கம்பியில் கோத்தால் வளையமாட்டா, ஆனால் சுழலும். எலும்பும் அப்படியே சுழன்றது. சுற்றிலும் மெல்லிய கம்பி வளையங்கள் போட்டு இறுக்கினார்கள். சில வேளை கம்பி மெல்ல மெல்ல மேலேறி, இடுப்புத் தோலுக்கடியில் முனை தட்டுப்படும். கூடிய பின் கழற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினால், நாய் நடக்கத் தொடங்கியதும் வீட்டார் திரும்பி வரமாட்டார்கள்.

தகட்டின் காலம் சுவிற்சர்லாந்தில் தொடங்கியது. 1958இல் பீல் நகரில் மோரிஸ் மியுல்லரும் அவரது தோழர்களும் தொடங்கிய ஏ.ஓ. குழு எலும்பு முறிவு சத்திரசிகிச்சைக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. முறிவைச் சரியாகப் பொருத்து, அசையாமல் இறுக்கு, இரத்த ஓட்டத்தைக் காப்பாற்று, மூட்டை உடனே இயங்க விடு. 1969இல் வால்டன்பேர்க்கில் அதன் மிருக வைத்தியப் பிரிவு தோன்றியது. பெரிய நாய்க்கு 3.5 மில்லிமீற்றர் திருகாணி, நடுத்தர நாய்க்கு 2.7, சின்ன நாய்க்கு 2.0 அல்லது 1.5. முறிவின் ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது மூன்று திருகாணிகள். ஒன்றரை மில்லிமீற்றர் திருகாணியைக் கையில் வைத்துப் பார்த்தால் கைக்கடிகாரக் கடையில் இருக்க வேண்டியதோ என்று தோன்றும்.

முதல் தலைமுறைத் தகட்டு வைத்தியர்கள் நான்கு விதிகளில் முதலிரண்டையே பெரிதாகப் பிடித்துக்கொண்டார்கள். சிதறிய துண்டுகள் ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து, பொருத்தி, எக்ஸ்றேயில் அழகாகக் காட்டினார்கள். சில கால்கள் கூடவில்லை, ஏனென்றால் துண்டுகளுக்கு உயிர் கொடுத்த சதையையும் நாளத்தையும் அந்த அழகுக்காகவே அறுத்திருந்தார்கள். இப்போதைய பாடம் வேறு. மூட்டுகள் நேராக இருக்கட்டும், காலின் நீளம் சரியாக இருக்கட்டும்; நடுவில் சிதறியதைத் தொடாதே. திருகாணித் தலை தகட்டிலேயே மரை பொருந்திப் பூட்டிக்கொள்ளும் புதுவகைத் தகடுகள் எலும்பை அழுத்தாமலே தாங்குகின்றன. பரியாரியார் தோலைத் திறக்காமலே எலும்பைக் கூட வைத்ததன் பின்னாலும் இதே உண்மை இருந்தது. இரத்தக் கட்டியும் சுற்றுச் சதையும் கலையாமல் இருந்தால் உடம்பு தன் வேலையைச் செய்யும். அவரிடம் இல்லாதது உருக்கின் தாங்கல். உருக்கு கைக்கு வந்தபின் இந்தப் பொறுமையைத் திரும்பக் கற்க சத்திரசிகிச்சைக்குச் சில பத்தாண்டுகள் பிடித்தன.

மயக்க மருந்தில் நடந்த மாற்றம் என் மனத்தை மிகவும் தொடுவது. அன்று பென்ரோபாபிற்ரோன் என்ற மருந்தை நாளத்தில் ஏற்றுவார்கள். தூக்கத்துக்கும் மரணத்துக்கும் இடையில் அகலம் குறைவு. பிழைத்த நாய் இரவெல்லாம் கால்களை உதைத்து முனகியபடி மெல்ல விழிக்கும். உடல் சூடு இறங்காமல் சாக்கு போர்த்தி யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். இன்று புரோபபோல் கொடுத்து மயக்கி, மூச்சுக்குழாயில் குழாய் வைத்து, ஒட்சிசனோடு ஐசோபுளூரேன் செலுத்துகிறார்கள். நாக்கில் மாட்டிய ஒரு சிறு கவ்வி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. வாயுவை நிறுத்திச் சில நிமிடங்களில் நாய் தலை தூக்குகிறது.

வலி பற்றிய எண்ணமும் மாறியது. வலி இருந்தால்தான் நாய் காலை ஊன்றாது, ஊன்றாவிட்டால்தான் எலும்பு கூடும், ஆகவே வலி மருந்து வேண்டாம் என்று ஒரு காலத்தில் நல்ல வைத்தியர்களே நம்பினார்கள். அதை எழுதவே கை கூசுகிறது. நாய் வலியை மறைக்கும் பிராணி. கத்தாத நாய்க்கு வலி இல்லை என்று எண்ணினோம். இப்போது கீறுவதற்கு முன்பே வலி மருந்து போடப்படுகிறது. வீட்டுக்கு அனுப்பும்போதும் மெலொக்ஸிகாம் போன்றது எழுதித் தரப்படுகிறது. மனிதருக்கு வாங்கி வைத்த ஐபுபுறோபனை வீட்டில் எடுத்துக் கொடுப்பதுதான் இன்னும் நிற்காத பழக்கம். அது நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மருந்தும் உருக்கும் வந்தால் மட்டும் போதாது. அடிபட்ட நாயைத் தொட்டுத் தூக்கவும் ஒருவர் வேண்டுமே. வலியில் இருக்கும் நாய் கடிக்கும். 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் இறந்தவர்கள் 377 பேர். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர்கள் எந்த ஒழுங்கையிலும் இருந்தார்கள். அந்த நாட்களில் அடிபட்ட தெருநாயை விட்டு விலகிப் போனவர்களை இரக்கமற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நாய்களுக்குத் தடுப்பூசி பரவலானதும் இறப்பு படிப்படியாக இறங்கி, இந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு வந்தது. தெருநாயின் முறிந்த காலுக்கு முதலில் உதவியது தகடு அல்ல, தடுப்பூசிதான் என்பது என் எண்ணம்.

சட்டமும் பயத்திலிருந்தே பிறந்தது. 1893இன் விசர்நோய்க் கட்டளைச் சட்டமும் 1901இன் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் கட்டாக்காலி நாயைப் பிடிக்கவும் கொல்லவும் வழி வைத்தன. மாநகர சபையின் நாய் பிடிக்கும் வண்டி வந்தால் பிள்ளைகள் ஓடிப்போய் நாய்களை வீட்டுக்குள் ஒளித்து வைப்பார்கள். நொண்டும் நாய்தான் முதலில் அகப்படும். 2006இல் கொல்வது நிறுத்தப்பட்டது. 2007இல் புளூ போ டிரஸ்ட் கொழும்பு மாநகர சபையோடு சேர்ந்து, பிடித்துத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்து அதே இடத்தில் விடும் வேலையைத் தொடங்கியது. நாளை உயிரோடு இருக்குமா என்று தெரியாத நாய்க்கு யாரும் எலும்பு சேர்க்கப் போவதில்லை. கொல்லாமை வந்த பின்பே தெருநாய்க்குச் சத்திரசிகிச்சை என்ற எண்ணத்துக்கு இடம் கிடைத்தது. இதற்கிடையில் 1907இன் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் உச்ச அபராதம் 100 ரூபாவாகவே ஒரு நூற்றாண்டைத் தாண்டி நின்றது. எழுதப்பட்ட நாளில் அது கூலித் தொழிலாளியின் பல மாத உழைப்பு. இன்று அந்தக் காசுக்கு ஒரு ஊசி மருந்துகூட வராது.

மிருக வைத்தியப் படிப்பு 1947இல் கொழும்பில் தொடங்கி, சில ஆண்டுகளில் பேராதனைக்குப் போனது. அதனோடு போதனா ஆஸ்பத்திரியும் மலைநாட்டில் அமைந்தது. தொடை முறிந்த நாயோடு கொழும்பிலிருந்து பேராதனைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் கடுகண்ணாவை ஏற்றம் ஏறிப் போவது நாய்க்கும் தண்டனை, கூடப் போகிறவருக்கும் தண்டனை. பாக்குநீரிணைக்கு அப்பால், 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில், நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது; ஏழையின் நாய்க்கும் அது எட்டும் தூரம். கொழும்பில் அந்த இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிகளே நிரப்பின. சில இரவு முழுவதும் திறந்திருக்கின்றன. நிரப்பினார்கள் என்பது பெரிய நன்மை. காசுக்குத்தான் நிரப்ப முடிந்தது என்பதும் உண்மை.

வீட்டுக்கு வந்து போன வைத்தியர்கள் மறைந்தது ஓர் இழப்பு. தோல் பையோடு வருவார், பிளேன்ரீ குடிப்பார், நாயின் தாயையும் அவருக்குத் தெரியும். அவரால் தொடையெலும்பைச் சேர்க்க முடியாது. ஆனால் எந்த நாய் கட்டைக் கடிக்கும், எந்த வீட்டில் பத்துநாள் மருந்து ஒழுங்காகக் கொடுப்பார்கள் என்று அறிவார். இன்று வரவேற்பு மேசையில் அட்டை எடுத்து, இலக்கம் வரும்வரை கதிரையில் காத்திருந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இளம் வைத்தியரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர்கள் கைவேலை அந்தப் பழையவருடையதைவிடப் பல மடங்கு மேல். நிமிர்ந்து கூடிய காலைப் பார்த்த பின் யாரும் பழைய காலத்துக்குத் திரும்பக் கேட்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை.

2022இல் இந்த முன்னேற்றம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று தெரிந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. தகடு, திருகாணி, தையல் நூல், மயக்க வாயு, வலி மருந்து ஆகிய எல்லாமே இறக்குமதி. மனிதருக்கான ஆஸ்பத்திரிகளே மருந்தின்றித் தவித்தன. வைத்தியரிடம் போகப் பெற்றோலும் இல்லை. ஒரு தொடையெலும்பு சத்திரசிகிச்சை பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும் செலவாயிற்று. சிலிண்டருக்கு வரிசையில் நின்ற குடும்பத்திடம் போய் நாய்க்குத் தகடு வாங்கு என்று யார் சொல்வது? மூங்கில் சிலாகைக்கும் உளுத்தம்மாவுக்கும் டொலர் வேண்டியிருக்கவில்லை.

சத்திரசிகிச்சை ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ. அதன் பின் வளர்ந்த நாய்க்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம், குட்டிக்கு மூன்று நான்கு வாரம் அடக்கம் வேண்டும். பாயக்கூடாது, படியேறக்கூடாது, கழுத்துப் பட்டியில்லாமல் வெளியே போகக்கூடாது. பழைய கட்டுக் காலத்தில் நாய் வலியால் தானே அடங்கிக் கிடந்தது. இப்போது மூன்றாம் நாளே காலை ஊன்றுகிறது, பத்தாம் நாள் ஓடப் பார்க்கிறது. தகடு வளைவதும் திருகாணி பிடுங்குவதும் அந்த உற்சாகத்தில்தான். தொடர்மாடியில் சமையலறை மூலையைப் பலகையால் மறித்து, லிப்ட் வேலை செய்யாத நாட்களில் இருபது கிலோ நாயை ஐந்து மாடி தூக்கி இறங்கி, ஆறாம் வாரப் படத்துக்குக் கூட்டிப்போகும் பெண்களை வெள்ளவத்தையில் பார்க்கிறேன். பெரும்பாலும் பெண்கள்தான், அன்று மூன்று வீடுகள் பகிர்ந்துகொண்ட பராமரிப்பை இன்று ஒருவர் தனியே தாங்குகிறார்.

தெருநாய்க்கு அந்த ஒருவரும் இல்லை. ஒழுங்கையில் நாலு பேர் சேர்ந்து காசு திரட்டிவிடுகிறார்கள், முகநூலில் எழுதினால் வெளிநாட்டிலிருந்தும் காசு வருகிறது, அரைவிலைக்குச் செய்து தரும் வைத்தியரும் கிடைக்கிறார். பிறகு கேள்வி வருகிறது: இதை எட்டு வாரம் எங்கே வைப்பது? முற்றம் இல்லை, படலை இல்லை, தொடர்மாடி நிர்வாகம் விடாது, காப்பகங்களில் இடமில்லை. இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல், சேர்த்திருக்கக் கூடிய காலை அகற்றிவிடும்படி சொல்ல வேண்டி வருகிறது. அகற்றிய காலின் தையல் பன்னிரண்டு பதினான்கு நாளில் காய்ந்துவிடும், அதற்குப் பின் நாய் தெருவில் பிழைத்துக்கொள்ளும். தகடும் திருகாணியும் அதைப் போடத் தெரிந்த கையும் இருக்கின்றன. மறித்து வைக்க ஆறடிக்கு நாலடி இடம் மட்டும் இந்தக் கரையில் இன்னும் கிடைக்கவில்லை.